ஒட்டாத பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களுக்கு மலை தொடங்கும் இடம் கல்லாறு. இங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரைத் தமிழருக்கும் விளக்க வேண்டாம், மலையாளிக்கும் விளக்க வேண்டாம். மீன்முட்டி அருவிக்குப் போகும் காட்டுப்பாதையில் காக்கி உடுப்போடு ஓர் இளைஞர் நிற்கிறார், வனத்துறையில் சேர்ந்து இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதே சாலையில் பேருந்தில் போகும் இன்னோர் இளைஞர், ஏதோ அடிதடி வழக்கில் நெடுமங்காடு நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு விட்டவர் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இந்த இருவருக்கும் ஒரே பெயர்: புரொபேஷனர்.

தமிழ் இவர்களை அப்படி ஒரே கூடையில் போடவில்லை. வேலையில் புதியவர் 'தகுதிகாண் பருவத்தினர்'. நீதிமன்றம் விட்டவர் 'நன்னடத்தை'யின் கீழ் இருப்பவர். இரண்டும் அரசாணைகளிலும் நீதிமன்றத் தாள்களிலும் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொற்கள். பழம்பாட்டில் வரும் ஒரு சொல்லுக்கு நயம் சொல்ல ஆள் உண்டு. கோப்பில் கிடக்கும் சொல்லை யாரும் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. இவை பார்க்கத் தகுந்தவை. பார்க்கப் பார்க்க, செய்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ தற்செயலாக வாய்த்ததோ என்று வியக்க வைப்பவை.

முதலில் 'தகுதிகாண் பருவம்'. தகுதி, காண், பருவம் என்று மூன்று துண்டு. 'தகுதியைக் காண்' என்பதில் ஐ உருபு மறைந்திருக்கிறது. 'காண் பருவம்' என்பது வினைத்தொகை. பள்ளிக்கூடத்தில் ஊறுகாயை வைத்துச் சொல்லித்தந்த இலக்கணம்தான்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். அதே போல், தகுதியைக் கண்ட பருவம், காண்கின்ற பருவம், காணும் பருவம். முக்காலமும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவரின் நிலைமையும் அதுதான். தேர்வில் வென்று ஆணை கைக்கு வந்தபோதே அவருடைய தகுதி ஒருமுறை காணப்பட்டுவிட்டது. இப்போது தினந்தோறும் காணப்படுகிறது. முடிவாகக் காணப்படப்போவது இனிமேல். மூன்று காலத்திலும் ஒரு காலை வைத்து நிற்கிற நிலைமைக்கு, காலம் காட்டாத சொல் அமைந்திருப்பது பொருத்தத்தின் உச்சம்.

இன்னொரு நுணுக்கம், காண்பவர் யார் என்பதை அந்தச் சொல் சொல்லாமல் விட்டிருப்பது. மேலதிகாரி காண்கிறாரா? துறை காண்கிறதா? அல்லது அந்தப் பணியாளரே தன் தகுதியைத் தான் கண்டுகொள்கிற பருவமா? வினைத்தொகை காலத்தை மட்டும் மறைப்பதில்லை, எழுவாயையும் சொல்லாமல் விடுகிறது. காட்டில் சுற்றும் வேலை தனக்கு ஒத்துவருமா என்று அந்தக் கல்லாற்று இளைஞரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அட்டைக்கடி, மழை, இரவுக் காவல், வீடு திரும்ப முடியாத ஓணம் எல்லாம் அவருக்கும் ஒரு சோதனை. துறையை அவர் சோதிக்கும் சோதனையும்கூட. 'சோதனைக் காலம்' என்று பெயர் வைத்திருந்தால் சோதிப்பவர் மேலேயும் சோதிக்கப்படுபவர் கீழேயும் நின்றிருப்பார்கள். 'காண்' என்ற வினையில் அந்த மேடு பள்ளம் இல்லை. மேலும், சோதித்தால் குற்றமும் அகப்படும்; காண்பதோ, இருப்பதைக் காண்பது. தகுதி இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் அந்தச் சொல் தொடங்குகிறது.

மூன்றாவது துண்டு எனக்கு இன்னும் பிடித்தது. காலம் என்றோ தவணை என்றோ போட்டிருக்கலாம். இலங்கை அரசிதழ்களில் 'தகுதிகாண் காலம்' என்றே எழுதுகிறார்கள். அதுவும் சரியான சொல்தான். ஆனால் பருவம் என்றவுடன் ஓர் உயிர் வந்துவிடுகிறது. காலத்தைக் கடிகாரம் அளக்கும். பருவத்தை மழையும் பயிரும் உடம்பும் அளக்கும். பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவம்; உலாவில் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம். ஒவ்வொன்றும் வந்தே தீரும், போயே தீரும். எந்தக் குழந்தையும் தாலப் பருவத்திலேயே தங்கிவிடுவதில்லை. வேலைக்கு வந்த புதிதில் இருக்கும் பதற்றத்துக்கு இதைவிட ஆறுதலான பெயர் ஏது? இது நீ கடந்து போகும் கட்டம் என்று சொல்லே தோளில் தட்டிச் சொல்கிறது.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நேரடி நியமனம் பெற்றவருக்கு இந்தப் பருவத்தின் பொதுவான கணக்கு ஒன்றுதான்: தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணி. இரண்டு ஆண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் மூன்றுக்குள் இரண்டு என்று ஏன் வைத்தார்கள்? காய்ச்சலில் படுத்த நாளும், பேறுகால விடுப்பும், அப்பாவின் காரியத்துக்குப் போன வாரமும் நடுவில் வரும். அந்த நாட்கள் 'கண்ட' நாட்களாகச் சேராது. ஆனாலும் அவற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். விதி எழுதியவர் மனிதர்களைப் பார்த்திருக்கிறார்.

அலுவலகப் பேச்சில் இந்த அழகெல்லாம் உதிர்ந்துபோகும் என்பதும் உண்மை. அங்கே யாரும் "என் தகுதிகாண் பருவம் நிறைவுற்றது" என்று சொல்வதில்லை. "புரொபேஷன் டிக்ளேர் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். தமிழ்நாட்டின் இளநிலை உதவியாளரிடம் அதற்கு முன்னாலேயே இன்னொரு கேள்வி வரும்: "பவானிசாகர் போயிட்டு வந்தாச்சா?" ஈரோடு மாவட்டத்து அணைக்கட்டு ஊரான பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து, எழுதவேண்டிய துறைத் தேர்வுகளையும் எழுதித் தேறினால்தான் பருவம் முடிந்ததாக ஆணை வரும். அந்த ஆணையின் தமிழில், 'தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்ததாக' ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காக இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். பேச்சில் ஆங்கிலம், தாளில் தமிழ் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு ஒரே பருவம் நடமாடுகிறது.

வங்கிப் பக்கம் போனால் அந்த ஆங்கிலச் சொல்லும் சுருங்கி இரண்டு எழுத்தாகிவிட்டது. "பையன் பேங்க் பி.ஓ. பாஸ் பண்ணிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்கிற அம்மாவுக்கு, அந்தப் 'பி' தன் பிள்ளை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதைச் சொல்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர் கேட்பது 'ஆபீஸர்' என்பதை மட்டும். ஆங்கிலத்தில் இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. புரொபேஷனரி ஆபீஸர் என்றால் கண்காணிப்பில் இருக்கும் அதிகாரி. புரொபேஷன் ஆபீஸர் என்றால் கண்காணிக்கும் அதிகாரி. நடுவில் ஒரு விகுதி விழுந்தால் மேசையின் இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் போய்விடுவார். தமிழில் இந்த ஆபத்து இல்லை. பின்னவர் 'நன்னடத்தை அலுவலர்'.

பருவத்தைக் கடக்க முடியாமல் போவதும் எப்போதும் இழப்பு ஆகிவிடுவதில்லை. அரவிந்தர் 1890-இல் ஐ.சி.எஸ். தேர்வில் வென்று, இங்கிலாந்தில் இரண்டு ஆண்டு புரொபேஷனராக இருந்தவர். பாடங்களிலெல்லாம் தேறியவர் கடைசியில் குதிரையேற்றத் தேர்வை முடிக்காமல் 1892-இல் தகுதியிழந்தார். வெள்ளையர் அரசு கண்ட தகுதி குதிரை முதுகில் இருந்தது. 1910-இல் புதுச்சேரிக்கு வந்து, 1950-இல் மறையும் வரை அங்கேயே தங்கிய அந்த மனிதரிடம் காணவேண்டிய தகுதி வேறெங்கோ இருந்தது. காண்பவர் யார் என்பதைச் சொல் திறந்து விட்டிருப்பதன் அருமை இங்கேயும் புரிகிறது.

அரசியலமைப்பு வருவதற்கு மிக முன்பே இந்தப் பொருளை முறையாக எடுத்து ஆண்டவர் வள்ளுவர். பொருட்பாலில் 51-ஆம் அதிகாரத்துக்குத் 'தெரிந்துதெளிதல்' என்று பெயர். அதன் முதல் குறளே ஒருவரைத் தேர்வதற்கு நான்கு சோதனைகளைச் சொல்கிறது: அறம், பொருள், இன்பம், உயிர்மேல் உள்ள அச்சம். இன்றைய பணியாளர் தேர்வாணையம் எதிலும் இந்த நான்காவது தாள் இல்லை. ஆனால் அதிகாரத்தின் தலைப்புத்தான் இங்கே நமக்கு முக்கியம். தெரிதல், தெளிதல் என்று இரண்டு வினை. தெரிதல் ஆராய்ந்து பார்ப்பது. தெளிதல் நம்புவது. கல்லாற்றில் மேலே மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் புரண்டு வரும். குளிக்க இறங்குவோரை எச்சரிக்கும் பலகைகள் கரையோரம் உண்டு. செங்கலங்கலாக ஓடும் அந்த ஆறு மழை விட்டபின் அடியிலிருக்கும் உருளைக்கற்கள் தெரியும்படி ஆவதையும் 'தெளிதல்' என்றுதான் சொல்கிறோம். ஒரு மனிதர்மேல் நம்பிக்கை பிறப்பதையும் அதே வினையால் சொல்கிறோம். கலங்கிய நீரை யாரும் கையால் தெளியவைக்க முடியாது. அதற்குப் பொழுது கொடுக்க வேண்டும்.

அதே அதிகாரத்தின் கடைசிக் குறளின் கருத்து, தகுதிகாண் பருவத்துக்கு ஏன் ஒரு முடிவு வேண்டும் என்பதற்கான விடை. ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறார். முதல் பாதி, பருவம் எதற்கு என்று சொல்கிறது. இரண்டாம் பாதி, பருவம் ஏன் முடியவேண்டும் என்று சொல்கிறது. ஆணை கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் அலுவலகங்கள் இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை.

இனி அடுத்த சொல். 'நன்னடத்தை'யின் ஒலியிலேயே ஒரு இணக்கம் இருக்கிறது. நன்மையின் விகுதி போய் 'நன்' நிற்க, அதை அடுத்து வந்த 'நடத்தை' தன் முதல் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு சேர்கிறது. நன்னூலில் நூல் மாறிக்கொண்டதுபோல. சேர்ந்து வாழ்வதற்காக ஒரு எழுத்து தன்னைத் திருத்திக்கொண்ட சொல், திருந்தி வாழ்வதைக் குறிக்க வந்திருக்கிறது. வேரில் இருப்பது 'நட' என்ற வினை. தமிழில் ஒழுக்கம் உட்கார்ந்திருக்கும் பொருள் அன்று. ஒழுகுவது நீரின் வேலை, நடப்பது காலின் வேலை. இரண்டும் ஓட்டத்தில் இருப்பவை. ஒருவர் நல்லவர் என்பதை அவர் நடந்துகொள்வதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று மொழியே தீர்ப்பு எழுதிவிட்டது.

உலகத்தில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் காலணி செய்கிற ஒரு தொழிலாளி என்பது நயத்துக்கு நயம் சேர்க்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஜான் அகஸ்டஸ், 1841-இல் ஒரு நாள் நீதிமன்றத்தில் நின்ற குடிகாரர் ஒருவருக்குத் தாமே பிணை நின்று அழைத்துப்போனார். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஆளே மாறியிருந்தார். சிறைக்குப் பதிலாக ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து நீதிபதி அனுப்பிவைத்தார். அதன்பின் தம் வாழ்நாளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு அவர் இப்படிப் பிணை நின்றார். புரொபேஷன் என்ற பெயரை இதற்கு இட்டவரும் அவரே. மெய்ப்பித்தல், சோதித்தறிதல் என்று பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து அது வருகிறது. மனிதர்களின் நடையைத் திருத்த முதலில் வந்தவர் செருப்புத் தைத்தவர் என்பதை, நடத்தையை நடையிலிருந்து பெற்ற தமிழர்தாம் முழுதாக ரசிக்க முடியும்.

இந்தியாவில் சென்னை மாகாணம் இதில் முன்னோடிகளில் ஒன்று. 1936-இலேயே தனக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958-இல் வந்தது. அதன் 4-ஆம் பிரிவின் அமைப்பைப் பாருங்கள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆனால் நீதிபதி தண்டனையை உடனே விதிப்பதில்லை. மூன்று ஆண்டுக்கு மிகாத ஒரு காலத்துக்குள் அழைத்தால் வந்து தண்டனையை ஏற்பேன், அதுவரை அமைதியாகவும் ஒழுங்காகவும் இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுகிறார். தூக்கும் ஆயுள் தண்டனையும் விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது கிடையாது. சட்டத்தின் இன்னொரு பிரிவுப்படி, 21 வயது நிறையாதவர் என்றால், அத்தகைய பெருங்குற்றம் அல்லாதபோது, சிறைக்கு அனுப்புவதுதான் விதிவிலக்கு. அனுப்பினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். விடுவதற்குக் காரணம் கேட்காமல் அடைப்பதற்குக் காரணம் கேட்கிற சட்டம் இது.

இதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலரின் வேலைகளைச் சொல்கிறது. வீட்டுச் சூழலை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும், கண்காணிக்க வேண்டும், தேவைப்பட்டால் அவருக்கு ஒரு வேலை தேடித்தரவும் முயல வேண்டும். கண்காணிக்கிற அரசு அதிகாரிக்கு, வேலை தேடித்தருவதும் கடமை என்று எழுதிய வரிக்குத் தனியாக ஒரு பாராட்டு வேண்டும். வேலை கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த இளைஞர் நன்னடத்தையில் இருந்துகொண்டே இன்னொரு பக்கம் தகுதிகாண் பருவத்துக்குள் நுழைவார். ஆங்கிலத்தில் அவர் இரட்டைப் புரொபேஷனர். தமிழில், ஒரு கால் ஒரு படியிலும் மறுகால் அடுத்த படியிலும் வைத்திருப்பவர்.

கல்லாற்றில் இதற்கு வழங்கும் மலையாளச் சொல் தமிழர் காதுக்கு ஒரு விருந்து. 'நல்லநடப்பு' என்கிறார்கள். நீதிமன்றம் ஒருவரை 'நல்லநடப்பினு விட்டு' என்று அங்கே செய்தி வரும். தமிழின் நடத்தை அங்கே நடப்பு. தமிழில் அந்தச் சொல் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டது: நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு, நாட்டு நடப்பு. இப்போது நிகழ்வது எதுவோ அது நடப்பு. ஆகவே நல்லநடப்பு என்பது நம் காதில், நல்லதாக நடந்துகொண்டிருக்கும் இன்று என்று விழுகிறது. மலையாளி நினைக்காத பொருள்தான். ஆனாலும் அந்தத் தண்டனை முறையின் சாரத்தைப் பக்கத்து வீட்டுச் சொல் இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடுகிறது. நேற்றுச் செய்தது பதிவாகிவிட்டது. இனி கேள்வி நடப்பைப் பற்றியது. கேரளச் சமூகநீதித் துறை இந்தப் பணிகளுக்காக நடத்தும் திட்டத்தின் பெயர் 'நேர்வழி'. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் தமிழில் போடலாம். நடக்கிறவருக்கு வழி வேண்டும் அல்லவா?

இலங்கையில் குழந்தைகள் நலனையும் இதையும் சேர்த்தே ஒரு திணைக்களம் கவனிக்கிறது. அங்கே அலுவலர் 'நன்னடத்தை உத்தியோகத்தர்'. சிங்கப்பூர்ச் செய்தித்தமிழ் 'நன்னடத்தைக் கண்காணிப்பு' என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லும். கண்காணிப்பு என்ற உண்மையை மறைக்காத நேர்மை அதில் இருக்கிறது. மூன்று நாட்டுத் தமிழர்கள், கலந்து பேசிக்கொள்ளாமலே ஒரே வேரைப் பிடித்திருக்கிறார்கள்.

குறை சொல்லாமல் முழு நயம் ஆகாது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நன்னடத்தை என்ற சொல்லின் தலையில் சுமை மிகுதி. பள்ளி முடித்தவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ். தேர்தல் வந்தால் நன்னடத்தை விதிகள். பல ஆண்டு சிறையில் இருந்தவர் நன்னடத்தை காரணமாக முன்கூட்டி விடுதலை. பழைய ரவுடிகளிடம் காவல்துறை எழுதி வாங்குவது நன்னடத்தைப் பிணை. கடைசி இரண்டும் நாம் பேசுகிற ஏற்பாட்டோடு எளிதில் குழம்பும். சிறைக்குள் ஒழுங்காக இருந்து வெளியே வந்தவர் வேறு. ஒழுங்காக இருப்பார் என்று நம்பிச் சிறைக்கே அனுப்பப்படாதவர் வேறு. முன்னவர் நம்பிக்கையை ஈட்டியவர், பின்னவரிடம் நம்பிக்கை கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 'நன்னடத்தையில் விடுதலை' என்று மொட்டையாக எழுதாமல், 'தண்டனை விதிக்காமல் நன்னடத்தைக் கண்காணிப்பில்' என்று எழுதினால் இந்தக் குழப்பம் தீரும். நீளமாகும், ஆனால் ஒருவரின் பெயர் கெடாது.

பிரிந்து நிற்கும் இந்த இரண்டு பொருள்களையும் ஒரே வாழ்க்கையில் தொட்ட ஒருவர் உண்டு. பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் 1915 நவம்பர் 15-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் வழக்கறிஞரான வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1948-இல் ஒரு மாதம் தாமே சிறையில் இருந்தவர். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் கவனித்தவர். பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, தண்டனை என்பது மனிதரைத் திருத்துவதற்கு என்று ஓயாமல் எழுதியவர். அவர் பிறந்த நவம்பர் 15-ஐக் கேரள அரசு புரொபேஷன் நாளாகக் கொண்டாடுகிறது. அன்று தொடங்கும் விழிப்புணர்வு நாட்கள் டிசம்பர் 4 வரை நீள்கின்றன. 2014-இல் அவர் மறைந்த நாள் அது. ஒருவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் இருக்கும் நாட்காட்டித் துண்டை ஒரு நல்ல காரியத்துக்கு ஒதுக்கியது நுட்பமான மரியாதை.

அதே கிருஷ்ணய்யர் 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கை விசாரித்த ஏழு நீதிபதிகளில் ஒருவர். தனியாகவும் ஒரு தீர்ப்புரை எழுதினார். பஞ்சாபில் தகுதிகாண் பருவத்தில் இருந்த இரண்டு கீழமை நீதிபதிகளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது பற்றிய வழக்கு அது. பிறர் தகுதியைக் காண உட்கார்ந்தவர்களே தகுதிகாண் பருவத்தில் இருந்தார்கள். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் 1957-இன் திங்க்ரா வழக்கிலிருந்து தேடிவருவது ஒன்றைத்தான்: தகுதியில்லை என்று சாதாரணமாக அனுப்பினார்களா, அல்லது குற்றம் சுமத்தித் தண்டனையாக அனுப்பினார்களா? முன்னதற்கு விசாரணை வேண்டாம். பின்னதாக இருந்தால், ஆணையின் வாசகம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், விசாரித்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த இருவரையும் நீக்கியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பருவத்தில் இருப்பவரை அனுப்பலாம். களங்கம் பூசி அனுப்பக் கூடாது.

இந்த இடத்தில் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. 1958 சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்போடு ஒட்டிவரும் தகுதியிழப்பு எதுவும் வராது என்கிறது. அங்கேயும் 'தகுதி', இங்கேயும் 'தகுதி'. அங்கேயும் கறை ஒட்டக் கூடாது, இங்கேயும் கறை ஒட்டக் கூடாது. இதற்கு எல்லை இல்லாமலும் இல்லை. குற்றம் செய்தார் என்ற முடிவு அழிவதில்லை. அந்த நடத்தையைக் கொண்டு துறை நடவடிக்கை எடுப்பதைப் பிரிவு 12 தடுக்காது என்று 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதியைச் சொல்தான் செய்ய வேண்டும், சொல்லைப் புழங்குகிற நாம் செய்ய வேண்டும்.

தமிழ் அதைச் செய்யும் விதத்தை இப்படிச் சொல்லலாம். புரொபேஷனர் என்பது ஆளின்மேல் ஒட்டுகிற பெயர். தமிழில் இரண்டு இடத்திலும் பெயர் ஆளுக்கு வைக்கப்படவில்லை. அவர் இருக்கும் நிலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் ஒரு பருவத்தில் இருக்கிறார். இன்னொருவர் நன்னடத்தையின் கீழ் இருக்கிறார். 'பருவத்தினர்' என்று விகுதி சேர்த்து ஆளைக் காட்டினாலும், இளம்பருவத்தினர் என்பதுபோல அது தானே கழன்றுபோகிற விகுதி. குற்றவாளி, கைதி, ரவுடி போன்ற சொற்கள் அப்படிக் கழல்வதில்லை. விடுதலையான பிறகும் முன்னால் ஓர் ஒட்டு சேர்ந்துகொண்டு 'முன்னாள் கைதி' என்று வீடுவரை கூடவே வரும். ஆனால் முன்னாள் தகுதிகாண் பருவத்தினர் என்று தமிழில் யாரையும் யாரும் சொன்னதில்லை. அந்தச் சலுகையை நன்னடத்தை முடித்தவருக்கும் கொடுப்பதற்குப் புதிய சொல் ஒன்றும் வேண்டாம். கைவசம் இருக்கிற சொல்லுக்கு முன்னால் 'முன்னாள்' போடாமல் இருந்தால் போதும்.